ஐந்தாம் நம்பர் பெட்டி

"மேல் வாய் எப்படித் தொறக்கணும், கீழ் வாய் எப்படி மூடணும், அதை மட்டும் சொல்லிருங்க அண்ணாச்சி. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஆஷிக் பாய்.

எனக்குத் தெரிந்து பெட்டிக்கு ஒரு வாய்தான். அதைத் திறந்தால் உள்ளே ஏதாவது இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. இரண்டு வாய் உள்ள பெட்டியை நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வடாலாவில் ஒரு பார்சல் ஆபீஸில் இருபது வருஷமாக பில் போடுகிறவன் நான். வாஷிங் மெஷின் பெட்டி, மாம்பழப் பெட்டி, தண்டவாளத்துக்கு நட்டு போல்ட் போகிற பெட்டி என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்டிகளுக்கு நடுவில்தான் என் வாழ்க்கை. அந்தத் தைரியத்தில்தான், என் தங்கை முத்துமாரி, "லிப் பாம் வைக்கச் சின்னதாப் பெட்டி வேணும்ணே" என்று கேட்டபோது, "பெட்டிதானே, என்கிட்ட விடு" என்று சொல்லிவிட்டேன்.

விட்டுவிட்டாள். அதனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தாராவியில் அறுபது அடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில், ஆஷிக் பாயின் பட்டறையில், கத்தரித்த அட்டைத் துண்டுகள் கணுக்கால் வரை கிடக்க, நான் நின்றுகொண்டிருந்தேன். ஆஷிக் பாய் மேலப்பாளையத்துக்காரர். மருந்துக் கம்பெனி, ஊதுபத்திக் கம்பெனி, செல்போன் சார்ஜர் கம்பெனி எல்லாவற்றுக்கும் சின்னப் பெட்டி வெட்டிக் கொடுக்கிறவர்.

"அட்டை முந்நூறு போடவா, முந்நூத்தம்பதா?"

"விலையா பாய்?"

"கனம் அண்ணாச்சி."

"முந்நூத்தம்பது" என்றேன். பெரிய எண்ணாக இருந்தது.

"மேட்டா, கிளாஸியா?"

"எது நல்லா இருக்கும்?"

"கிளாஸின்னா பளபளன்னு இருக்கும். மேட்டுன்னா ரிச்சா இருக்கும்."

"பளபளன்னு ரிச்சா இருக்கது?"

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "ஜன்னல் வேணுமா?"

"பெட்டிக்கா?"

"ஆமா. ஒரு ஓட்டை போட்டு பிளாஸ்டிக் ஒட்டிருவோம். உள்ள இருக்கது வெளிய தெரியும்."

"தெரியட்டும் பாய்."

"தெரிஞ்சா பெட்டி வலு கொறையும்."

"அப்போ தெரிய வேண்டாம்."

"தெரியலன்னா உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாப்பாங்க."

"அப்போ கொஞ்சமாத் தெரியட்டும்."

ஆஷிக் பாய் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். பட்டறையில் இருந்த மற்ற இருவரும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேண்டாம் அண்ணாச்சி" என்றார் அவர். மராத்தியும் திருநெல்வேலியும் அவர் வாயில் சண்டையில்லாமல் குடியிருந்தன. "டப்பியைக் குடுங்க. நான் விதம் விதமா டம்மி வெட்டித் தாரேன். வீட்ல காட்டி முடிவு பண்ணிட்டு வாங்க."

டம்மி என்றால் அச்சடிக்காத வெள்ளைப் பெட்டி. முத்துமாரி கொடுத்துவிட்டிருந்த ஒரே ஒரு தகர டப்பியை அவர் அளந்து, அதற்கு ஏழு விதமாகப் பெட்டி வெட்டி மடித்துத் தந்தார். நான் பென்சிலால் ஒன்றிலிருந்து ஏழு வரை நம்பர் போட்டேன். அன்றைக்கு நான் தெளிவாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

இந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று சொல்லிவிடுகிறேன். முத்துமாரியை மான்குர்த்தில் கட்டிக் கொடுத்து, அது ஒத்து வராமல், அவள் எங்களோடு வந்து ஒன்பது வருஷமாகிறது. செம்பூரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்த்தாள். அடுத்தவர்கள் முகம் வெளுக்க, முடி கறுக்க, இவள் விரல்கள் வெடித்துப்போயின. தோல் உரிந்து, மூட்டுக்கு மூட்டு பிளவு. இனிமேல் அந்த மருந்துகளைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெடித்த உதட்டுக்கும் விரலுக்கும் தானே தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் பீட்ரூட்டும் சேர்த்து ஒன்று காய்ச்சினாள். பார்லருக்கு வந்தவர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். அதுதான் லிப் பாம் ஆயிற்று.

மாட்டுங்கா மார்க்கெட்டில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் ஜெயகணேஷ், புதிதாகக் கண்ணாடி ரேக் போடுகிறார். வெள்ளிக்கிழமை அதில் சரக்கு அடுக்குகிறார்கள். "வெறும் டப்பி உருளும், தூசி படும், எவளாவது கைக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிருவா. நிமிந்து நிக்கிற மாதிரி பெட்டில போட்டுக் கொண்டாங்க, ஒரு வரிசை தாரேன்" என்று சொல்லியிருந்தார். அந்த வரிசை கிடைக்காவிட்டால் முத்துமாரி கோபர்கைரனேயில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போகவேண்டும். அங்கேயே தங்கவேண்டும், மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வரலாம். சமையல் என்றால் பாத்திரம் தேய்ப்பதும் சேர்த்துத்தான். அவர்களும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். என் தங்கை சோப்புத் தண்ணீரில் அந்தக் கையை விட்டுக்கொண்டு எங்கோ இருப்பாள் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று சொன்னாலும் சாப்பிட்டேன். ஆனால் ருசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பெட்டிகளையும் வீட்டில் வரிசையாக அடுக்கினேன். தேர்தல் மாதிரி ஆகிவிட்டது.

என் மனைவி ஸ்ரீதேவி இரண்டாம் நம்பருக்குப் போனாள். "காலியான பெறவு ஊக்கு போட்டு வைக்கலாம்."

பக்கத்து வீட்டு கணேசபாண்டியன் டாக்ஸி ஓட்டுகிறவர். கூப்பிடாமலே வந்து ஏழாம் நம்பரைத் தூக்கினார். இருப்பதிலேயே பெரியது. "பெட்டி பெருசா இருந்தாத்தான் சரக்கு பெருசுன்னு நெனப்பான்."

"உள்ள டப்பி ஆடுமே அண்ணாச்சி" என்றாள் முத்துமாரி.

"ஆடட்டும்மா. சிப்ஸ் பாக்கெட்டுல பாதி காத்துதான் இருக்கு. யாரு கேக்கா?"

"உதட்டுல காத்தைப் பூச முடியாதுல்லா."

எனக்கு முதலில் நான்காம் நம்பர் பிடித்தது. பிறகு ஆறு. ஆறைக் கையில் எடுத்ததும் ஒன்று அழகாகத் தெரிந்தது. ஒன்றை எடுத்ததும் ஆறு என்னைப் பார்த்து வருத்தப்படுவதுபோல இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இப்படித் தடுமாறவில்லை. அப்போது பெண் வீட்டார்தான் தடுமாறினார்கள்.

"நாம தலையைப் பிய்ச்சு என்ன ஆகப்போவுது" என்றாள் முத்துமாரி கடைசியில். "ரேக்கு அவரோடது. எது நிக்கும், எது போகும்னு அவருக்குத்தான் தெரியும். ஏழையும் கொண்டு போயி அவருகிட்டயே காட்டிருண்ணே."

இவ்வளவு எளிதான வழி எனக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. பெட்டிகளைப் பையில் போடப் போனேன். ஸ்ரீதேவி குறுக்கே வந்தாள்.

"எங்க போறீங்க, வெறும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு?"

"வெறும் பெட்டியைக் காட்டத்தானே போறேன்?"

"நல்லா இருக்கே. மொத மொதல்ல ஒரு கடைப்படி ஏறுதீங்க. ஒண்ணுமில்லாத பெட்டியையா நீட்டுவீங்க? அவ பொழப்புக்குன்னு போற காரியம்."

அவள் சொன்னது புதிதல்ல. எங்கள் பக்கத்தில் குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி அரிசியோ, கொஞ்சம் சீனியோ போட்டுத்தான் கொடுப்பார்கள். மும்பைக்கு வந்து எத்தனையோ பழக்கம் போய்விட்டது. இது போகவில்லை. ஊரிலிருந்து வந்த கல்கண்டு இருந்தது. பெரிது பெரிதாக, நூல் கோத்து விளைந்த கட்டி. ஏழு கட்டி உடைத்து, ஏழு பெட்டியிலும் ஒவ்வொன்றாகப் போட்டு மூடினாள். ஐந்தாம் நம்பரை மூடத்தான் பாடுபட்டாள். அதில் மூடியின் நுனி நாக்கு மாதிரி நீண்டு, ஒரு வெட்டுக்குள் போய்க் கவ்விக்கொள்ளும். மேலும் கீழும் அப்படியே. ஆஷிக் பாய் அதை "பக்கா லாக்" என்று சொல்லித் தந்திருந்தார்.

மாட்டுங்காவுக்கு நான் போனபோது ஜெயகணேஷ் புது ரேக் செய்யும் தச்சனோடு ஹிந்தியில் மன்றாடிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவர் அப்பா தளவாய் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. கடையை மகனிடம் கொடுத்துவிட்டாலும் ஸ்டூலைக் கொடுக்காதவர். டீக்காரர் டம்ளரோடு வந்ததும் ஜெயகணேஷ் சண்டையை நிறுத்திவிட்டு, "அப்பாவுக்குச் சீனி போடலல்ல?" என்று கேட்டார். "போன வாரம் சுகர் முந்நூத்தி நாப்பது" என்று என்னிடம் சொன்னார். பெரியவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல ரோட்டைப் பார்த்தார்.

"வச்சுட்டுப் போங்கண்ணே. இன்னைக்கு இந்த ஆளோட மல்லுக்கட்டவே நேரம் சரியா இருக்கு. நாளைக்கு வாங்க, பாத்துச் சொல்லுதேன்."

ஏழு பெட்டியையும் கல்லா மேல் அடுக்கிவிட்டு வந்தேன். உள்ளே கல்கண்டு இருப்பதைச் சொல்ல மறந்துபோனேன். சொல்லவேண்டிய விஷயமென்றும் தோன்றவில்லை. திறந்தால் தெரியப் போகிறது.

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து போனேன். ஜெயகணேஷ் உள்ளே குடோனில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் பெரியவர் மட்டும்.

"வாங்க தம்பி" என்றார். வழக்கத்துக்கு மேல் அன்பாக இருந்தது. உள்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கல்கண்டு எங்க வாங்குனது?"

"ஊர்லேருந்து வந்தது ஐயா."

"அதானே பாத்தேன். இங்க விக்கிறது வெறும் கண்ணாடித் துண்டு. வாயில போட்டா போட்ட மாதிரியே தெரியல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்பதை என் முகம் சொல்லியிருக்க வேண்டும். அவர் இன்னும் கிட்டத்தில் வந்தார்.

"அஞ்சாம் நம்பரு மட்டும் தொறக்கல தம்பி. நகத்தை வச்சுப் பாத்தேன். சாவியை வச்சுப் பாத்தேன்."

ஐந்தாம் நம்பரை எடுத்துப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் சாவி கீறின கோடு லேசாக இருந்தது. மற்ற ஆறும் தொட்டதுபோலவே தெரியாமல் ஒழுங்காக மூடியிருந்தன. எடுத்தால் கனமே இல்லை.

"ஆறையுமா ஐயா?"

"நேத்து மூணு. இன்னைக்கு மூணு. ஒரே நேரமாத் திங்கலையே."

"ஒங்களுக்குச் சுகர் இருக்குல்லா?"

"அதுக்குத்தான் ஒண்ணை விட்டு வச்சிருக்கேன்."

உடனே தொழில் பேச்சுக்கு மாறிவிட்டார். "மூணாம் நம்பரு நல்ல பெட்டி தம்பி. பெருவிரலால லேசா ஒரு தள்ளு, தொறந்துக்கிடும். மூடுனா மூடிக்கிடும். சத்தமே கிடையாது. ஆறாம் நம்பரு சரசரங்கும், உள்ள இருக்கவன் எட்டிப் பாத்துருவான். மூணு எடுங்க." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. "அவன்கிட்டச் சொல்லிராதீங்க. என் பொட்டைப் புள்ளைகளுக்கெல்லாம் போன் பண்ணிருவான். நாலு பேரும் லைன்ல வந்து அழுவாளுவ."

அதற்குள் ஜெயகணேஷ் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். "வந்துட்டீங்களா, பாப்போம்" என்று முதல் பெட்டியை எடுத்துக் காதுப் பக்கம் கொண்டுபோய் ஆட்டினார். கடைக்காரர்கள் எதையும் ஒரு முறை ஆட்டிப் பார்க்காமல் நம்புவதில்லை. சத்தமில்லை, வைத்தார். இரண்டை ஆட்டினார், வைத்தார். மூன்று, நான்கு. பெரியவர் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனை உற்றுப் பார்த்தார். ஐந்தை ஆட்டினார். உள்ளே கட்டி உருண்டது. இன்னொரு தடவை ஆட்டினார். ஆறையும் ஏழையும் ஆட்டிவிட்டுத் திரும்ப ஐந்துக்கு வந்தார். ஜன்னலில்லாத பெட்டி என்றாலும் இடுக்கு வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"என்னண்ணே, கல்கண்டு போட்டு முடிவு பண்ணிட்டு வந்து, சும்மா ஒப்புக்கு என்னைக் கேக்குதீங்களா?"

"இல்ல, அது…"

"ஆறும் வெறும் பெட்டி. இதுல மட்டும் மங்கலமாப் போட்டு வச்சிருக்கீங்க. எங்கம்மா இப்படித்தான். எந்தச் சேலை எடுக்கணுமோ அதுக்குள்ள ஒரு மஞ்சக்கிழங்கைச் சொருகிட்டு, பத்துச் சேலையையும் விரிச்சுப் போட்டு, 'எதுய்யா நல்லாருக்கு?'ன்னு எங்ககிட்டக் கேப்பா. நாங்களும் தேடிப் பாத்து மஞ்சக்கிழங்கு இருக்கிற சேலையைச் சொல்லுவோம்." பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கெட்டியா இருக்கு. யாரும் தொறந்து விரலை விட்டுப் பாக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்கு இந்தப் பெட்டியிலயே கொண்டாந்துருங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், மற்ற ஆறு கல்கண்டும் எங்கே என்ற கேள்வி வரும். கடையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். பெரியவர் இன்னும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வலித்திருக்கும்.

"ஆமா" என்றேன். "இல்ல… ஆமா."

"சரிதான்" என்றார் ஜெயகணேஷ்.

ஐந்தாம் நம்பரை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஸ்ரீதேவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்தது அவள் என்னைத் திட்டுவாள் என்று. அவளுக்கோ வேறு பயம்.

"ஒவ்வொண்ணும் நெல்லிக்காய் தண்டி இருந்துச்சேங்க. முந்நூத்தி நாப்பது இருக்க மனுசன் ஆறு கட்டியைத் தின்னுருக்காரு. ஏதாச்சும் ஆயிட்டுன்னா?"

"ஒண்ணும் ஆவாது."

"நீங்க டாக்டரா? ஒரு பெட்டியே ஒங்களுக்குத் தெரியல."

அவள் சொன்ன பிறகு எனக்கும் அது உறைத்தது. சொன்னால் அந்த மனுஷருக்கு அவமானம், சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயம். இரண்டில் எது நல்லது என்று தெரியவில்லை. நடுவில் என் தங்கையின் வரிசை.

முத்துமாரி ஐந்தாம் நம்பரை எடுத்துத் திறந்து பார்த்தாள். நாக்கை வெட்டுக்குள்ளிருந்து நெம்பினாள். வரவில்லை. மறுபடி நெம்பியதில் ஒரு மாதிரி வந்தது. உள்ளே இருந்த கல்கண்டை எடுத்துவிட்டு டப்பியை வைத்துத் திரும்ப மூடினாள். நாக்கை உள்ளே தள்ள ஆள்காட்டி விரலை அழுத்தவேண்டும். அழுத்தினாள். விரல் பிளவில் அட்டையின் விளிம்பு பட்டது. கையை உதறிவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டாள். வெள்ளைப் பெட்டியில் சிவப்பாக ஒரு பொட்டு.

"தட்டையாத்தான் தருவாரு ஆஷிக் பாய்" என்றாள். "நாமதான் ஒவ்வொண்ணா மடிச்சு, கீழ பூட்டி, டப்பி வச்சு, மேல பூட்டணும். இருநூறு பெட்டிண்ணே."

"நான் மடிச்சுத் தாரேன்."

"இந்த மாசம் நீ மடிப்பே. அடுத்த மாசம்?"

"ஸ்ரீதேவி மடிப்பா."

"மைனிக்கு வேற வேலை இல்ல பாரு." பெட்டியைக் கீழே வைத்தாள். "இப்படிக் கையைக் கிழிச்சுக்கிட்டுப் பெட்டி மடிக்கிறதுக்கு, கோபர்கைரனேல பாத்திரமே தேய்ச்சிட்டுப் போயிரலாம். அதுக்குச் சம்பளமாவது நிச்சயம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"போயி உள்ளதைச் சொல்லிர வேண்டியதுதானே" என்றாள் ஸ்ரீதேவி.

"எப்படிட்டி சொல்லுவேன்? என் கையைப் பிடிச்சுக் கேட்டாரு."

"யாரையும் காட்டிக் குடுக்க வேண்டாம்" என்றாள் முத்துமாரி. "நாளைக்கு நான் வாரேன். என் கையை மட்டும் காட்டுதேன்."

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். வழி முழுக்க, பேச்சு எங்காவது கல்கண்டுப் பக்கம் திரும்பினால் எப்படி மாற்றுவது என்று ஒத்திகை பார்த்தேன். மழையைப் பற்றிக் கேட்கலாம். தச்சனைப் பற்றிக் கேட்கலாம். மழையே இல்லாத நாள் அது.

கடையில் புது ரேக் வந்துவிட்டது. கண்ணாடி இன்னும் போடவில்லை. பெரியவர் ஸ்டூலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணால் ஒரு கேள்வி கேட்டார். நான் தலையை இல்லையென்று ஆட்டினேன். அதை ஜெயகணேஷ் பார்த்துவிட்டு, "என்னண்ணே?" என்றார். "இல்ல, கழுத்து பிடிச்சிருக்கு" என்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பொய் சொல்லத் தொடங்கிவிட்டது என் கழுத்து.

முத்துமாரி நேராக விஷயத்துக்கு வந்தாள். "அண்ணாச்சி, இந்தப் பெட்டி எனக்கு ஒத்து வராது. என் கையைப் பாருங்க. இதை மடிச்சுப் பூட்டுனா விரல் கிழியுது. வாங்குறவங்களுக்கும் தொறக்க வராது. நீங்களே தொறந்து பாருங்க."

ஜெயகணேஷ் அவள் கையைப் பார்த்தார். சங்கடத்தோடு பார்வையை எடுத்துக்கொண்டு, "பெட்டின்னா கொஞ்சம் டைட்டாத்தான்மா இருக்கும்" என்று சொல்லியபடி ஐந்தாம் நம்பரை வாங்கினார். நகத்தை விட்டார். நாக்கு வளைந்ததே தவிர வெளியே வரவில்லை. பெட்டியைத் திருப்பிக் கீழ் வாயில் முயன்றார். பேனா முனையை விட்டு நெம்பினார். அந்த நேரம் பார்த்து இரண்டு காலேஜ் பெண்கள் ஹேர் கிளிப் பார்க்க வந்து, கிளிப்பை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவருக்கு வியர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஓரம் கிழிகிற சத்தம் கேட்டது.

"அதை விடுல" என்றார் பெரியவர்.

"இருங்கப்பா, வந்துரும்."

"வராதுல. அதுக்குள்ள சாவியையே விட்டுப் பாத்தாச்சு. பேனாவுக்கா வரப்போவுது. இங்க பாரு, மூணாம் நம்பரு." கல்லா மேலிருந்து எடுத்து, பார்க்காமலே பெருவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினார். பெட்டி வாயைத் திறந்தது. மூடினார். திறந்தார். "கேட்டியா? ஒரு சத்தம் வருதா பாரு."

அந்தத் திறமையில் அவருக்கே ஒரு பெருமை. பெருமையோடு நிமிர்ந்தவர், மகன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"சாவியை விட்டுப் பாத்தது யாருப்பா?" என்றார் ஜெயகணேஷ்.

நான், "இந்தத் தச்சன் எந்த ஊருக்காரர்?" என்று கேட்டேன்.

ஜெயகணேஷ் ஆறு பெட்டிகளையும் பார்த்தார், ஐந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வியாபாரம் செய்கிற மூளை. கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. "ஏழுலயும் போட்டுத்தான் கொண்டாந்தீங்களா?" என்றார் மெதுவாக.

"வெறும் பெட்டி கொண்டு வரக்கூடாதுன்னு வீட்ல…" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலுக்கு முன்னால் போய்க் குனிந்து அப்பாவின் கையைப் பிடித்து, "தல சுத்துதா? கண்ணு மங்கலாத் தெரியுதா?" என்றார்.

"இல்லல."

"நேத்து ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் எந்திரிச்சீங்க?"

"எண்ணலயே."

"மத்தியானம் டாக்டரைப் பாத்துட்டு வருவோம்."

"அக்காமாருக்குப் போன் பண்ணாத."

"பண்ணல. வாங்கன்னா வாங்க." என் பக்கம் திரும்பினார். "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. ராத்திரியே ஊசி போட்டிருப்பேன்."

மன்னிச்சிருங்க என்று சொல்ல நினைத்து, ஏதோ முணுமுணுத்தேன். எனக்கே அது கேட்கவில்லை. பெரியவர் என்னைப் பார்த்து, நீ என்ன செய்வாய் என்பதுபோலக் கையை விரித்தார். அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜெயகணேஷ் கிழிந்த ஐந்தாம் நம்பரையும் மூன்றாம் நம்பரையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மூணு சரிதாம்மா. ஆனா இதை எங்கப்பா மாதிரி எல்லாரும் தொறந்திருவாளுவ. விரலை விட்டு உதட்டுல தேச்சுப் பாத்துட்டு மூடி வச்சுட்டுப் போயிருவாளுவ. அடுத்து வாங்குறவ என்னை ஏசுவா."

"வாய்க்குக் குறுக்க ஸ்டிக்கர் ஒட்டித் தாரேன் அண்ணாச்சி. பேரு அடிச்ச ஸ்டிக்கர் என்கிட்ட இருக்கு. கிழிஞ்சிருந்தா என்கிட்டத் திருப்பிக் குடுத்துருங்க, வேற தாரேன்."

"ஸ்டிக்கர் எதுக்கும்மா" என்றார் பெரியவர் ஸ்டூலிலிருந்து. "நான் இங்கதானே இருக்கேன். பாத்துக்கிடுவேன்லா."

ஹேர் கிளிப் பார்க்க வந்த பெண்களில் ஒருத்திக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. சிரித்துவிட்டாள். ஜெயகணேஷுக்கும் அடக்க முடியவில்லை.

"ஸ்டிக்கர் ஒட்டியே கொண்டாம்மா" என்றார். "வெள்ளிக்கிழமை காலம்பற வந்துரணும். ரெண்டாவது தட்டுல ஒரு வரிசை. ரெண்டு மாசம் பாப்பேன். ஓடலைன்னா எடுத்துருவேன், வருத்தப்படக் கூடாது."

"ஓடலைன்னா நானே வந்து எடுத்துக்கிடுதேன்" என்றாள் முத்துமாரி. பிறகு ரேக்குக்குப் பக்கத்தில் போய், இரண்டாவது தட்டில், கண்ணாடி வரப்போகிற இடத்தில் மூன்றாம் நம்பரை நிறுத்தி வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி வந்து பார்த்தாள். நேராக நின்றது.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். லேபர் கேம்ப் தாண்டினதும் முத்துமாரி போனை எடுத்தாள். கோபர்கைரனே வீட்டு அம்மாவின் குரல் ரோட்டுச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. என்றைக்கு வருகிறாய், வரும்போது ஆதார் கார்டு கொண்டு வா, கட்டில் போட்டிருக்கிறோம் என்று பேசிக்கொண்டே போனார்.

"மேடம், நான் வரல" என்றாள் முத்துமாரி.

ஏன், சம்பளம் போதாதா, வேறு யாராவது கூப்பிட்டார்களா என்று அந்தம்மா கேட்டார். நான் ஒரு துணிக்கடை போர்டை ரொம்பக் கவனமாகப் படிப்பதுபோல நின்றேன்.

"அதெல்லாம் இல்ல மேடம். இங்க எனக்கு வேலை இருக்கு."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அது எனக்கே கேட்டது. முத்துமாரி மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், ரோட்டைக் கடக்க நின்ற ஜனங்களுக்கு நடுவில், இன்னொரு தடவை மெதுவாக, "வேலை இருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள்.